பாடநூலின் அரைப் பக்கமும் நம் வீட்டு ஏர்கோனும்

("பள்ளியில் படிக்கும் அறிவியல் வாழ்க்கைக்கு உதவுகிறதா?" என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்தார். "ஆல்கேன், ஹாலஜனோடு சூரிய ஒளியில் வினைபுரியும் என்று ஐந்தாம் படிவத்தில் மனப்பாடம் செய்தேனே, அதனால் எனக்கு இதுவரை ஐந்து காசு பயன் உண்டா?" என்று கேட்டார். அரங்கத்தில் நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன். கேள்வி நியாயமானது. நம் பிள்ளைகள் பலரும் மனதுக்குள் கேட்கும் கேள்வி அது.

ஆகவே வேறு உதாரணம் தேடப் போவதில்லை. நண்பர் பயனில்லை என்று ஒதுக்கிய அதே பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் அது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கம் நண்பரின் வீட்டுச் சுவரில் ஏர்கோனாக மாட்டியிருக்கிறது. சமையலறையில் ஐஸ் பெட்டியாக நிற்கிறது. நம் தலைக்கு மேல் இருபது கிலோமீட்டர் உயரத்திலும் அது நடந்துகொண்டிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

இருட்டில் தூங்கும், வெளிச்சத்தில் விழிக்கும்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே ஒற்றைப் பிணைப்பில் சேர்ந்த பொருள்கள் ஆல்கேன்கள். அவற்றில் மிகச் சிறியது மீத்தேன். ஒரு கார்பன், அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். நம் சமையல் எரிவாயுத் தோம்பில் இருக்கும் புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் இதே குடும்பம்தான். மெழுகுவர்த்தி செய்யும் பாரஃபின் மெழுகும் அப்படியே. பாரஃபின் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'பற்றுக் குறைந்தது' என்று பொருள். அமிலத்தை ஊற்றினாலும் காரத்தை ஊற்றினாலும் அது அசைந்து கொடுக்காது.

அப்படிப்பட்ட மீத்தேனையும் குளோரின் வாயுவையும் ஒரு குடுவையில் சேர்த்து இருட்டில் வைத்தால், அறை வெப்பத்தில் ஒன்றும் நடக்காது. அதே குடுவையை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். வினை உடனே தொடங்கிவிடும். ஒளி கடுமையாக இருந்தால் வெடிக்கவும் கூடும். வெளிச்சம் அப்படி என்ன செய்கிறது?

குளோரின் மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்கள் ஒரு ஜோடி எலெக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு இணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு வலுக் குறைந்தது. ஒரு மோலுக்குச் சுமார் 243 கிலோஜூல் ஆற்றல் கொடுத்தால் அறுந்துவிடும். மீத்தேனில் கார்பனையும் ஹைட்ரஜனையும் பிரிக்க 439 கிலோஜூல் வேண்டும். ஆகவே ஒளி பட்டதும் அறுவது குளோரின்தான். அறும்போது ஆளுக்கு ஓர் எலெக்ட்ரானாக எடுத்துக்கொண்டு இரண்டு அணுக்களும் பிரிகின்றன. இப்படி ஜோடி இழந்த ஓர் எலெக்ட்ரானோடு அலையும் துகளைத்தான் 'தனி உறுப்பு' என்கிறோம். இத்தகைய ஒன்று உண்மையிலேயே இருக்க முடியும் என்பதை 1900-ஆம் ஆண்டில் மோசஸ் கோம்பர்க் என்ற வேதியியலாளர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காட்டினார். அப்போது பலர் நம்பத் தயங்கினார்கள்.

தொட்டுப் பிடிக்கும் ஆட்டம்

சிறுவயதில் நாம் எல்லாரும் திடலில் ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறோம். பிடிப்பவன் ஒருவனைத் தொட்டால், தொட்டவன் விடுதலை. தொடப்பட்டவன் அடுத்த பிடிப்பவன் ஆகிறான். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் திடலில் எப்போதும் ஒரு பிடிப்பவன் இருப்பான். அதனால்தான் ஆட்டம் நிற்பதில்லை.

தனி உறுப்புகளின் வினை இந்த ஆட்டம்தான். தனித்து அலையும் குளோரின் அணு, மீத்தேனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரஜன் குளோரைடு ஆகிறது. அதற்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் ஹைட்ரஜனை இழந்த மீத்தேன் இப்போது மெத்தில் என்ற தனி உறுப்பாகி நிற்கிறது. அது அடுத்த குளோரின் மூலக்கூறிடம் போய் ஓர் அணுவை எடுத்துக்கொண்டு குளோரோமீத்தேன் ஆகிறது. மிஞ்சிய குளோரின் அணு மறுபடியும் தனி ஆள். அது அடுத்த மீத்தேனைத் தேடி ஓடுகிறது. இப்படி ஒரே ஒரு முறை ஒளி பட்டு அறுந்த பிணைப்பு, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றிவிடுகிறது. தனித் தனியாக அலையும் இரண்டு பேர் ஒருவரோடொருவர் மோதி ஜோடி சேர்ந்தால்தான் அந்தச் சங்கிலி அறுகிறது. புத்தகத்தில் தொடக்கம், பரவுதல், முடிவு என்று மூன்று படிகளாகப் போட்டிருப்பது இதைத்தான்.

வேதியியல் வரலாற்றில் ஒரு கதை சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து துயிலரி அரண்மனையில் ஒரு விருந்து. ஏற்றி வைத்த மெழுகுவர்த்திகளில் இருந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகை கிளம்பியது. காரணம் கண்டுபிடிக்கும் வேலை ஜான் பாப்டிஸ்ட் டூமா என்ற வேதியியலாளரிடம் வந்தது. மெழுகை வெண்மையாக்கக் குளோரினைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் குளோரின் மெழுகோடு வெறுமனே கலந்திருக்கவில்லை. ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. திரி எரிந்தபோது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியே வந்தது. ஓர் அணுவின் இடத்தில் இன்னோர் அணு அமரும் 'பதிலீடு' என்ற கருத்தை 1834-இல் டூமா முன்வைத்தார்.

நான்கு அண்ணன் தம்பிகள்

ஹாலஜன்கள் அண்ணன் தம்பிகள் என்றாலும் குணம் ஒன்றல்ல. ஃபுளோரின் பெரும் முரடன். ஹைட்ரஜனைக் கண்டால் பாய்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு விடவே விடாது. குளோரின் சுறுசுறுப்பானது. புரோமின் நிதானம். ஹெக்சேனில் கலந்த புரோமினின் செம்பழுப்பு நிறம் வெயிலில் வைத்தால் மெல்ல மெல்லத்தான் மறையும். அயோடினோ ஆட்டத்துக்கே வராது.

காரணம், ஒவ்வொன்றும் ஹைட்ரஜனோடு சேரும்போது கிடைக்கும் பிணைப்பின் வலு. ஃபுளோரினுக்கு அது சுமார் 567 கிலோஜூல், குளோரினுக்கு 431, புரோமினுக்கு 366, அயோடினுக்கு 298. மீத்தேனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க 439 வேண்டும் என்று முன்பே சொன்னேன். ஃபுளோரினுக்கு இது இலாப வியாபாரம். குளோரினுக்குக் கையைக் கடிக்காத வியாபாரம். புரோமினுக்கு நட்டம். அயோடினுக்குப் பெரும் நட்டம். இந்த நான்கு எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வானத்துக்குப் போகும்போது தேவைப்படும்.

தாத்தா, அப்பா, மகன்

இப்போது வீட்டுக்கு வருவோம். மீத்தேனில் ஒரு ஹைட்ரஜன் போய் ஒரு குளோரின் வந்ததோடு வினை நிற்பதில்லை. அடுத்தடுத்த ஹைட்ரஜனும் போகும். ஒரு குளோரின் ஏறினால் குளோரோமீத்தேன். இரண்டு ஏறினால் டைகுளோரோமீத்தேன். மூன்று ஏறினால் குளோரோஃபார்ம். 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவ வலி தெரியாமல் இருக்கக் கொடுத்த மயக்க மருந்து அதுதான். நான்கும் ஏறினால் கார்பன் டெட்ராகுளோரைடு.

இந்த நான்கும் குளிர்சாதனத்தின் வரலாற்றையே எழுதியிருக்கின்றன. 1920-களில் ஐஸ் பெட்டிகளில் ஓடிய வாயுக்களுள் குளோரோமீத்தேனும் ஒன்று. நச்சுத்தன்மை உடையது. கசிந்து உயிர்கள் போயின. ஆகவே நச்சில்லாத, தீப்பிடிக்காத வாயு ஒன்று வேண்டும் என்று தேடி, 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜிலியும் அவருடைய குழுவினரும் குளோரோஃபுளோரோகார்பன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1930-இல் ஒரு கூட்டத்தில் மிட்ஜிலி அந்த வாயுவைத் தாமே மூச்சிழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் இல்லை என்று உலகம் மகிழ்ந்தது.

நம் தாத்தா பாட்டி காலத்து ஐஸ் பெட்டியில் இருந்தது ஆர்-12. அது கார்பன் டெட்ராகுளோரைடில் இருந்து செய்யப்பட்டது. அப்பா காலத்து ஏர்கோனில் இருந்தது ஆர்-22. அது குளோரோஃபார்மில் இருந்து வந்தது. இன்று கடையில் வாங்கும் ஏர்கோனின் வெளிப்பெட்டியைப் பாருங்கள். பலவற்றில் ஆர்-32 என்று எழுதியிருக்கும். அதை டைகுளோரோமீத்தேனில் இருந்து செய்கிறார்கள். மூன்றிலும் குளோரினுக்குப் பதில் ஃபுளோரினை ஏற்றிவிடுவதுதான் அடுத்த வேலை. தாத்தாவின் வாயுவில் ஹைட்ரஜனே இல்லை. அப்பாவின் வாயுவில் ஒன்று. மகனின் வாயுவில் இரண்டு. ஏன் இப்படி ஹைட்ரஜன் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது? இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது.

வானத்தில் அதே ஆட்டம்

1974-ஆம் ஆண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஷெர்வுட் ரோலண்ட், மரியோ மோலினா என்ற இருவர் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். 'ஐஸ் பெட்டியிலிருந்தும் தெளிப்பான் டப்பாவிலிருந்தும் கசியும் இந்த வாயு கடைசியில் எங்கே போகிறது?'

கீழ்க் காற்றில் ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு ஒன்று இருக்கிறது. அது காற்றின் துப்புரவுப் பணியாளர். கண்ட வாயுவிடமிருந்தெல்லாம் ஹைட்ரஜனைப் பிடுங்கி அதைச் சிதைத்துவிடும். ஆனால் ஆர்-12-இல் பிடுங்க ஹைட்ரஜன் ஏது? அது மழையில் கரையாது, எதனோடும் சேராது, சுமார் நூறு ஆண்டுகள் நிலைத்திருக்கும். மிட்ஜிலி போற்றிய அதே குணம்! ஆகவே அது மெல்ல மெல்ல மேலே ஏறி ஓசோன் படலத்தை அடைகிறது. அங்கே கடுமையான புற ஊதாக் கதிர் பட்டதும் குளோரின் அணு அறுந்து தனியாகிறது. திடலில் பிடிப்பவன் வந்துவிட்டான்!

அந்த அணு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. பிறகு அதை இன்னோர் ஆக்சிஜன் அணுவிடம் விட்டுவிட்டு மறுபடி தனியாகிறது. அடுத்த ஓசோனைத் தேடுகிறது. இப்படி ஒரு குளோரின் அணு ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்க முடியும். ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் தரைக்கு வரும். தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். ரோலண்டும் மோலினாவும் இதை 1974-இல் எழுதினார்கள். உற்பத்தியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்ட்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை அறிவித்தபோதுதான் உலகம் திடுக்கிட்டது.

இனி நண்பரின் கேள்விக்கு நேரடியான பதில். ஓசோனை அழிக்கும் குளோரினை ஓரளவாவது கட்டிப் போடுவது எது தெரியுமா? மீத்தேன்! மேல் வானத்திலும் கொஞ்சம் மீத்தேன் இருக்கிறது. குளோரின் அணு அதைச் சந்தித்தால் ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரஜன் குளோரைடாகி அடங்கிவிடும். ஐந்தாம் படிவப் பாடத்தில் மனப்பாடம் செய்த அதே வினை! ஆனால் அண்டார்ட்டிகாவின் நீண்ட குளிர்காலத்தில், சுழியத்துக்குக் கீழே 78 பாகையைவிடக் குளிரும்போது, அந்த உயரத்திலும் மேகங்கள் உருவாகின்றன. அந்த மேகத் துகள்களின் மேல், அடங்கிக் கிடந்த குளோரின் மறுபடியும் குளோரின் மூலக்கூறாக வெளியே வருகிறது. இருட்டில் அது தூங்குகிறது. செப்டம்பரில் அங்கே சூரியன் திரும்பும்போது ஒளி பட்டு இரண்டாக அறுகிறது. குடுவையை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தோமே, அதே காட்சிதான். ஒரு கண்டத்தையே மூடும் குடுவை! மேகத் துகள்களின் இந்தப் பங்கை 1986-இல் விளக்கியவர்களில் முதன்மையானவர் சூசன் சாலமன் என்ற அமெரிக்க அறிவியலாளர்.

நான் நினைவில் வைக்கச் சொன்ன எண்களும் இங்கே வருகின்றன. ஃபுளோரின் ஹைட்ரஜனைப் பிடித்தால் விடாது. ஆகவே அது ஓசோனைத் தொடுவதில்லை. குளோரின் சில நேரம் அடங்கும், சில நேரம் வெளியே வரும். புரோமின் மீத்தேனைச் சீண்டுவதே இல்லை. ஆகவே அடங்காமல் அலைந்து, அணுவுக்கு அணு குளோரினைவிடச் சுமார் 60 மடங்கு ஓசோனை அழிக்கிறது. பள்ளியில் 'வினைத்திறன் வரிசை' என்று ஒரு மதிப்பெண்ணுக்காக எழுதியது, மேலே வானத்தின் விதியாக இருக்கிறது.

படித்தவர்கள் இருந்ததால்

காரணம் புரிந்ததால் மாற்றும் வழியும் புரிந்தது. ஹைட்ரஜனைத் திரும்ப வைத்தால் கீழ்க் காற்றிலேயே வாயு சிதைந்துவிடும் அல்லவா? ஆர்-12 நூறு ஆண்டு வாழும். ஒரு ஹைட்ரஜன் கொண்ட ஆர்-22 சுமார் 12 ஆண்டு. இரண்டு கொண்ட ஆர்-32 சுமார் 5 ஆண்டு. ஆர்-32-இல் குளோரினே கிடையாது. தாத்தா, அப்பா, மகன் கதையின் பொருள் இதுதான்.

1987 செப்டம்பர் 16-இல் மோன்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1989-இல் அதில் இணைந்தன. 2009-இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட முதல் சுற்றுச்சூழல் உடன்படிக்கை என்ற பெருமையைப் பெற்றது. வளரும் நாடுகளும் 2010-க்குள் குளோரோஃபுளோரோகார்பன் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ரோலண்ட், மோலினா இருவருக்கும், இத்துறையில் முன்னோடியான பவுல் குருட்சனுக்கும் 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதே நடவடிக்கைகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்ட்டிகாவில் 2066 வாக்கிலும் ஓசோன் படலம் 1980-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று 2022-ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டு அறிவியல் மதிப்பீடு சொல்கிறது.

ஆனால் கதை முடியவில்லை. ஓசோனுக்குக் கெடுதல் செய்யாத வாயுவும் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு கிலோ கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ ஆர்-22, நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,800 மடங்கு சூடாக்கும். ஆர்-32 சுமார் 675 மடங்கு. அதனால்தான் 2016-இல் கிகாலியில் உடன்படிக்கை மேலும் விரிவாக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2022 அக்டோபர் முதல், இந்த அளவு 750-க்கு மேற்பட்ட வாயு கொண்ட புதிய வீட்டு ஏர்கோன்களுக்குத் தடை வந்தது.

நம் கையில் இருப்பது

இங்கே நமக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறார்கள். நல்ல தொழில். அவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பழைய பெட்டியைக் கழற்றும்போது குழாயைத் திறந்து 'புஸ்' என்று வாயுவை வெளியே விடாதீர்கள். மீட்டெடுக்கும் இயந்திரத்தில் பிடித்துத் தோம்பில் அடையுங்கள். ஒரு கிலோ ஆர்-22 காற்றில் போனால், 1,800 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். கூடவே குளோரினும் போகிறது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சொல். ஏர்கோன் வாயு பெட்ரோல் போல் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. "கேஸ் குறைந்துவிட்டது, போட வேண்டும்" என்று ஆண்டுதோறும் யாராவது சொன்னால், எங்கோ கசிகிறது என்று பொருள். "கேஸ் போடுவதற்கு முன் கசிவை அடைத்துக் கொடுங்கள் தம்பி" என்று கேளுங்கள். உங்கள் பணமும் மிஞ்சும், வானமும் மிஞ்சும். ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கக்கூடியது என்பதால், பயிற்சி பெற்றவரிடமே வேலையைக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. இன்று வாங்கும் புதிய ஐஸ் பெட்டிகள் பலவற்றின் பின்புறம் ஆர்-600ஏ என்று எழுதியிருக்கும். அது என்ன தெரியுமா? ஐசோபியூட்டேன். ஹாலஜன் எதுவும் ஏறாத, சுத்தமான ஆல்கேன்! ஆல்கேனில் குளோரினை ஏற்றினோம், ஃபுளோரினை ஏற்றினோம், வானத்தை ஓட்டையாக்கினோம், ஒவ்வொன்றாக இறக்கினோம். எண்பது தொண்ணூறு ஆண்டுகள் சுற்றிவிட்டு, புறப்பட்ட ஆல்கேனிடமே திரும்பி வந்து நிற்கிறோம்.

நண்பர் அவர்களே, அந்த அரைப் பக்கத்தால் உங்களுக்கு ஐந்து காசு பயன் உண்டா என்று கேட்டீர்கள். அதைப் பொருள் புரிந்து படித்த இருவர் 1974-இல் இருந்தார்கள். அதனால்தான் இன்று உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் வெயிலில் திடலில் ஓடிப் பிடித்து விளையாட முடிகிறது. குறை பாடத்தில் இல்லை. மூன்று படிகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, அந்த ஆட்டம் எங்கே நடக்கிறது என்று ஜன்னலைத் திறந்து காட்டாத நம்மிடம்தான் இருக்கிறது.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், ஏர்கோனின் வெளிப்பெட்டியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.